ஊதச் சொன்னால் மறுக்கலாமா? இரவு வாகனச் சோதனையும் ஓட்டுநரின் அந்தரங்க உரிமையும்

இரவுப் பணி முடிந்து வீடு திரும்பும் வழியில் வாரத்துக்கு ஒரு முறையாவது தடுப்பு வைத்து நிறுத்தி ஊதச் சொல்கிறார்கள் என்றும், மதுப் பழக்கமே இல்லாத உங்களை எந்தச் சந்தேகமும் இல்லாமல் இப்படிச் சோதிப்பது அந்தரங்க உரிமையை மீறுவது ஆகாதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மறுத்தால் என்ன நடக்கும், கைப்பேசியையும் வண்டியின் டிக்கியையும் திறந்து காட்டச் சொன்னால் காட்டத்தான் வேண்டுமா என்ற இரண்டு கேள்விகளும் உடன் இருக்கின்றன. எழும்பூரிலும் சைதாப்பேட்டையிலும் மோட்டார் வாகன வழக்குகளில் ஆஜராகிப் பழகியவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். வண்டியை நிறுத்துவது ஓர் அதிகாரம். ஓட்டுநரை ஊத வைப்பது வேறோர் அதிகாரம். அவரைக் கைது செய்வதும், இரத்தம் எடுப்பதும், வண்டியைச் சோதனை போடுவதும், கைப்பேசியைப் பார்ப்பதும் தனித்தனி அதிகாரங்கள். தடுப்புக்கு முன்னால் நிற்கும்போது இவையெல்லாம் ஒரே மூட்டையாகத் தெரியும். காக்கிச் சட்டை கேட்டால் எல்லாவற்றையும் கொடுத்துவிட வேண்டும் என்று ஒரு சாராரும், எதையுமே கொடுக்க வேண்டாம் என்று இணையத்தில் காணொளி பார்த்த இன்னொரு சாராரும் நினைப்பது இதனால்தான். சட்டம் இவற்றைப் படிப்படியாக அடுக்கி வைத்திருக்கிறது. ஒவ்வொரு படியில் ஏறவும் காவலரிடம் ஒரு காரணம் இருக்க வேண்டும் என்கிறது. உங்கள் உரிமை அந்தப் படிகளில்தான் இருக்கிறது.

நிறுத்துவதில் பெரிய வழக்காடலுக்கு இடமில்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 130-ஆம் பிரிவுப்படி, பொது இடத்தில் வண்டி ஓட்டுபவர், சீருடையில் உள்ள காவல் அலுவலர் கேட்டால் ஓட்டுநர் உரிமத்தைக் காட்ட வேண்டும். காட்ட வேண்டுமானால் நிற்க வேண்டும். சட்டப்படியான உத்தரவுக்குக் கீழ்ப்படியாமல் போனால் 179-ஆம் பிரிவின் கீழ் 2,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. 2018-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 139-ஆம் விதியைத் திருத்தி, ஆவணங்களை மின்னணு வடிவிலும் காட்டலாம் என்று ஆக்கிவிட்டார்கள்; ஆகவே டிஜிலாக்கர் என்ற அரசின் ஆவணச் செயலியில் உள்ள உரிமமும் ஆர்.சி.யும் செல்லுபடியாகும். ஆனால் திரையைக் காட்டுவது வேறு, கைப்பேசியைக் கையில் கொடுப்பது வேறு. கைப்பேசியை உங்கள் கையிலேயே வைத்துக்கொண்டு திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினால் போதும். இதைச் சொல்லக் காரணம் பிறகு வரும்.

அடுத்த படிதான் உங்கள் கேள்வியின் மையம். மூச்சுப் பரிசோதனைக்கு அதிகாரம் தருவது 203-ஆம் பிரிவு. சீருடையில் உள்ள காவல் அலுவலரோ, உரிய அதிகாரம் பெற்ற மோட்டார் வாகனத் துறை அலுவலரோ, பொது இடத்தில் வண்டி ஓட்டுபவரை அல்லது ஓட்ட முயல்பவரை மூச்சு மாதிரி தரச் சொல்லலாம். ஆனால் அவர் 185-ஆம் பிரிவின் கீழான குற்றத்தை, அதாவது குடித்துவிட்டு வண்டி ஓட்டும் குற்றத்தை, செய்திருக்கிறார் என்று சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தால் மட்டுமே. அந்தக் கடைசி வாசகம் தற்செயலாக வந்து விழுந்ததல்ல. இப்பிரிவை பிரிட்டனின் 1967-ஆம் ஆண்டுச் சாலைப் பாதுகாப்புச் சட்டத்தோடு பக்கத்தில் வைத்துப் படித்தால் சாயல் பளிச்சென்று தெரியும். அங்கே முதலில் முன்வைத்த வரைவில், யாரை வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் சோதிக்கலாம் என்ற ஏற்பாடு இருந்தது. எதிர்ப்புக் கிளம்பியதால் அதைக் கைவிட்டு, நியாயமான சந்தேகம் என்ற நிபந்தனையைச் சேர்த்தார்கள். அச்சட்டத்தை நிறைவேற்றிய போக்குவரத்து அமைச்சர் பார்பரா காசிலுக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்பதை அவருடைய எதிர்ப்பாளர்கள் கடைசிவரை சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

ஆக, நம் நாடாளுமன்றம் எழுதி வைத்திருப்பது, வரிசையில் வரும் ஒவ்வொருவரையும் ஊத வைக்கும் அதிகாரம் அல்ல. 2019-இல் இச்சட்டத்தைப் பெரிய அளவில் திருத்தியபோதும் 203-இல் இருந்த சந்தேகம் என்ற சொல்லை யாரும் தொடவில்லை. 185-ஐ மட்டும் கடுமையாக்கினார்கள்: 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால், முதல் முறை 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும், மறுமுறை 15,000 ரூபாய் அல்லது இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். 2019 செப்டம்பர் 1 முதல் இதுதான் நடைமுறை. அதற்கு முன்பு முதல் முறைக்கு 2,000 ரூபாய்தான் உச்சம். இங்கிலாந்தில் 80 மில்லி கிராம் வரை அனுமதி உண்டு என்பதை நினைத்துப் பார்த்தால், நம் வரம்பு எவ்வளவு கறாரானது என்பது விளங்கும்.

அப்படியானால் தடுப்பருகே நடப்பதெல்லாம் சட்ட விரோதமா? அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது. நள்ளிரவை நெருங்கும் நேரம், மேம்பாலம் இறங்கி வரும் இடத்தில் மஞ்சள் தடுப்புகளை முன்னும் பின்னுமாக வைத்து ஒரே ஒரு வண்டி நுழையும் அளவுக்கு வழி விட்டிருப்பார்கள். கண்ணாடியை இறக்கச் சொல்லிவிட்டு உதவி ஆய்வாளர் கேட்பார்: “எங்கேயிருந்து வர்றீங்க சார்?” நீங்கள் எங்கிருந்து வந்தால் அவருக்கு என்ன? பதில் அவருக்கு முக்கியமல்ல. பதில் சொல்ல வாய் திறக்கும்போது வரும் வாடை, நாக்கு குழறுகிறதா என்பது, உள்விளக்கு வெளிச்சத்தில் கண்கள் எப்படி இருக்கின்றன என்பது, இவற்றுக்காகவே அந்தக் கேள்வி. நல்ல அனுபவமுள்ள அலுவலர் இந்தப் பத்து வினாடியில் சந்தேகப்பட வேண்டியவரைப் பிரித்துவிடுவார். மற்றவர்களை “போங்க சார்” என்று அனுப்பிவிடுவார். அப்படி நடக்கும் சோதனையில் 203-ஆம் பிரிவு மீறப்படவில்லை என்றே நான் கருதுகிறேன். வரிசையில் வந்த அத்தனை பேர் வாயிலும் கருவியை நீட்டுவதுதான் சிக்கல். குழாய் இல்லாமல், வாய்க்குச் சற்றுத் தள்ளிக் கருவியைப் பிடித்து ஊதச் சொல்லும் முறையும் உண்டு. அது ஆல்கஹால் இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும் காட்டுமே ஒழிய அளவைச் சொல்லாது. சந்தேகத்துக்குக் காரணம் தேடும் முயற்சி என்று காவல் துறை அதற்கு நியாயம் சொல்லலாம். அதுவும் மூச்சு மாதிரிதான், ஆகவே அதற்கும் முன்பாகவே சந்தேகம் இருந்திருக்க வேண்டும் என்று எதிர்வாதமும் செய்யலாம். எனக்கு இரண்டாவது வாதமே வலுவாகப் படுகிறது.

அந்தரங்க உரிமை இங்கேதான் உள்ளே வருகிறது. 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு, அந்தரங்கம் என்பது அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவிலேயே அடங்கிய அடிப்படை உரிமை என்று ஒருமனதாகச் சொன்னது. அதே தீர்ப்பு அது வரம்பற்ற உரிமை அல்ல என்றும் சொன்னது. அரசு அதில் கைவைக்க வேண்டுமானால், அதற்கு ஒரு சட்டம் இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், எடுக்கும் நடவடிக்கை நோக்கத்துக்கு ஏற்ற அளவில் இருக்க வேண்டும். குடிபோதைச் சோதனையின் நோக்கத்தை யாரும் குறை சொல்ல முடியாது. ஒரு முறை ஊதுவது உடலுக்கு வலிக்கும் காரியமும் அல்ல. அளவு என்ற கேள்வியிலும் அரசே வெல்லும். இடறுவது முதல் நிபந்தனையில்தான். சந்தேகம் இருந்தால் சோதிக்கலாம் என்று சட்டம் சொல்லும்போது, சந்தேகமே இல்லாமல் எல்லோரையும் சோதிக்க அதிகாரம் எங்கிருந்து வந்தது? நிலையாணையும் சுற்றறிக்கையும் சட்டம் ஆகாது.

எல்லோரையும் சோதிப்பதே தவறு என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 1982 டிசம்பர் முதல் அப்படித்தான் நடக்கிறது. கனடாவில் 2018 டிசம்பர் 18 முதல், சட்டப்படி நிறுத்திய எந்த ஓட்டுநரையும் சந்தேகம் இல்லாமலே ஊதச் சொல்லலாம். ஆனால் இரண்டு இடங்களிலும் சட்டமன்றங்கள் விவாதித்து, இந்த அதிகாரத்தை வெளிப்படையாக எழுதிக் கொடுத்தன. இங்கே அந்த வேலையை மஞ்சள் தடுப்பே செய்துகொண்டுவிட்டது.

அமெரிக்க அனுபவம் இன்னும் சுவையானது. மிச்சிகன் மாநிலத்தின் சாகினா வட்டாரத்தில் 1986 மே மாதம் ஓர் இரவு, ஒன்றேகால் மணி நேரம் தடுப்பு வைத்து 126 வண்டிகளை நிறுத்தினார்கள். ஒரு வண்டிக்குச் சராசரியாக 25 வினாடி ஆனது. சிக்கியவர்கள் இரண்டு பேர். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 1990-இல் ஆறு நீதிபதிகள் இத்தகைய சோதனை அரசியலமைப்புக்கு உட்பட்டதே என்றார்கள், மூவர் மாறுபட்டார்கள். ஆனால் அந்தத் தீர்ப்பில்கூட, நிறுத்திச் சில வினாடி பார்ப்பதற்குத்தான் அனுமதி கிடைத்தது. அதற்கு மேல் ஒருவரை ஓரங்கட்டிச் சோதிக்க அவர்மீது தனியாகச் சந்தேகம் தேவைப்படலாம் என்று நீதிமன்றம் குறிப்பிட்டது. பிறகு வழக்கு மிச்சிகனுக்கே திரும்பியது. 1993-இல் அம்மாநில உச்ச நீதிமன்றம், எங்கள் மாநில அரசியலமைப்பு இதை அனுமதிக்கவில்லை என்று தடுத்துவிட்டது. நாடு முழுவதற்கும் இத்தகைய சோதனையை வென்று கொடுத்த மாநிலம், தன் சாலையில் அதை நடத்த முடியாமல் இருக்கிறது.

சரி, ஊத மறுத்தால் என்ன ஆகும்? ஊதுவது தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்வது ஆகும், அரசியலமைப்பின் 20(3) பிரிவு அதைத் தடுக்கிறது என்று சிலர் வாதிடுகிறார்கள். அது நிற்காது. 1961-இல் காத்தி காலு ஒகாத் வழக்கில் பதினொரு நீதிபதிகள் அமர்வு, கைரேகையும் கையெழுத்து மாதிரியும் சாட்சியம் அளிப்பதில் சேராது என்று தீர்மானித்துவிட்டது. மூச்சும் இரத்தமும் அந்த வகையைச் சேர்ந்தவையே. மறுப்பதற்கென்று 185-இல் தனித் தண்டனை கிடையாது. ஆனால் 203-ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவுப்படி, மறுப்பவர் குடித்திருக்கிறார் என்று சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தால் பிடியாணை இல்லாமலே அவரைக் கைது செய்யலாம். கைதானவரிடமிருந்து 204-ஆம் பிரிவுப்படி பதிவு பெற்ற மருத்துவரைக் கொண்டு இரத்த மாதிரி எடுக்கலாம். ஓட்டுநர் பெண்ணாகவும் மருத்துவர் ஆணாகவும் இருந்தால் இன்னொரு பெண்ணின் முன்னிலையில்தான் எடுக்க வேண்டும். 205-ஆம் பிரிவு இன்னும் ஒரு படி போய், தக்க காரணம் இல்லாமல் மறுத்ததையே அரசுத் தரப்புச் சாட்சியத்துக்கு வலுவூட்டும் சூழ்நிலையாக நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. சட்டத்தின் எழுத்து உங்கள் பக்கம் இருந்தாலும், “சந்தேகம் இருந்தது, வாடை வந்தது” என்று அலுவலர் ஒரு வரி எழுதிவிட்டால் அதைப் பொய்யென்று காட்டும் பாரம் உங்கள் தலையில் விழும். குடிக்காதவர் மறுத்துவிட்டு ஓர் இரவைக் காவல் நிலையத்தில் கழிப்பதில் எந்தப் பயனும் இல்லை. ஆட்சேபத்தை மரியாதையாகச் சொல்லிவிட்டு ஊதுங்கள் என்பதே என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்லும் யோசனை.

ஊதுவதென்று ஆனபின் கவனிக்க வேண்டியவை உண்டு. குழாய் உறையிலிருந்து உங்கள் கண்முன் எடுத்த புதியதாக இருக்க வேண்டும். நீங்கள் ஊதும் முன்பு கருவி பூஜ்ஜியம் காட்டுகிறதா என்று பார்க்கக் கேளுங்கள். 2025-இல் கேரள உயர் நீதிமன்றம் ஒரு வழக்கை ரத்து செய்ததற்கு இதுவே காரணம்: முதலில் வெறுங்காற்றைச் சோதித்து 0.000 என்று வந்த பிறகே ஓட்டுநரை ஊதச் சொல்ல வேண்டும் என்று அம்மாநிலக் காவல் துறையின் சுற்றறிக்கையே சொல்ல, அந்த வழக்கில் வெறுங்காற்றுச் சோதனையில் பூஜ்ஜியம் வரவில்லை. தேதி, நேரம், கருவி எண் ஆகியவை அச்சிட்ட சீட்டில் இருக்க வேண்டும். அதில் கையொப்பம் கேட்பார்கள், படித்துப் பார்க்காமல் போட வேண்டாம்.

வாயிலேயே தங்கியிருக்கும் ஆல்கஹாலும் அளவை ஏற்றிக் காட்டும். வாய் கொப்பளிக்கும் சில திரவங்கள், இருமல் மருந்து, ஆல்கஹாலில் கரைத்த ஹோமியோபதி மருந்து ஆகியவற்றால் இப்படி ஆவதுண்டு. அதே 2025-இல் பந்தளம் பணிமனையைச் சேர்ந்த கேரள அரசுப் பேருந்து ஓட்டுநர்கள், காலையில் பலாச்சுளை சாப்பிட்டுவிட்டு ஊதியதும் கருவி அலறியது செய்தியாயிற்று. குடிக்காத ஒருவருக்குச் சுளை கொடுத்து ஊத வைத்துப் பார்த்த பிறகே அவர்கள் தப்பினார்கள். வாயில் தங்கியது பதினைந்து நிமிடத்தில் பெரும்பாலும் போய்விடும். ஆகவே எதிர்பாராத அளவு காட்டினால், வாயைத் தண்ணீரால் கொப்பளித்துவிட்டுப் பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி சோதிக்கக் கேளுங்கள். அதற்கும் இணங்கவில்லை என்றால் இரத்தப் பரிசோதனை கேளுங்கள். 203 ஒன்றுக்கு மேற்பட்ட மாதிரியை அனுமதிக்கிறது, 2019 திருத்தத்துக்குப் பிந்தைய 185-இல் ஆய்வகச் சோதனையும் வெளிப்படையாகச் சேர்ந்திருக்கிறது. வாடையும் தள்ளாட்டமும் மட்டும் போதாது என்று உச்ச நீதிமன்றம் 1971-லேயே பச்சுபாய் வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆனால் அது குற்ற வழக்குக்கு. விபத்துக் காப்பீட்டுக் கோரிக்கை என்று வந்தால் சோதனையே நடக்காவிட்டாலும் சூழ்நிலையைக் கொண்டு குடிபோதையை நிரூபிக்கலாம் என்று 2021-இல் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்திருப்பதை மறந்துவிட வேண்டாம்.

185-ஐ அந்த இடத்திலேயே பணம் கட்டித் தீர்க்க முடியாது. இசைந்து தீர்க்கக்கூடிய குற்றங்களை அடுக்கும் 200-ஆம் பிரிவில் 185 இல்லை. குற்றவியல் நடுவர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். “இங்கேயே முடிச்சுக்கலாம்” என்று யாராவது சொன்னால் அது அபராதம் அல்ல, வேறு ஏதோ ஒன்று. உரிமத்தைப் பறிமுதல் செய்து உரிம அதிகாரிக்கு அனுப்ப 206(4) இடம் தருகிறது. ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்க வேண்டும், ஆனால் அந்தச் சீட்டைக் காட்டி வண்டி ஓட்ட முடியாது. குறைந்தது மூன்று மாதம் உரிமத்தை நிறுத்தி வைக்க வேண்டும் என்பது உச்ச நீதிமன்றத்தின் சாலைப் பாதுகாப்புக் குழு 2015-இல் மாநிலங்களுக்குச் சொன்னது. அந்தக் குழு அமைவதற்குக் காரணமான வழக்கைத் தொடுத்தவர் கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன், விபத்தில் நொறுங்கி வருபவர்களைத் தினமும் பார்த்தவர். வண்டியைப் பொறுத்தவரை, 2021-இல் தெலங்கானா உயர் நீதிமன்றம், குடிபோதை வழக்கில் வண்டியைப் பறிமுதல் செய்யக் காவலருக்கு அதிகாரமில்லை, உடன் வந்தவர் குடிக்காமலும் உரிமத்தோடும் இருந்தால் அவரிடம் கொடுக்க வேண்டும், இல்லையேல் உறவினரை அழைத்து ஒப்படைக்க வேண்டும் என்றது. அது நம் மாநிலத்தைக் கட்டுப்படுத்தாது. எடுத்துக்காட்டி வாதிடப் பயன்படும். கைது என்று போனால், 202-ஆம் பிரிவுப்படி இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும். நடக்காவிட்டால் விடுவிக்க வேண்டும். தடுப்பருகே பெரும்பாலும் கைது என்று எழுதாமல் வண்டியை மட்டும் வைத்துக்கொண்டு அனுப்பிவிடுவதால், இந்த இரண்டு மணி நேரக் காப்பு பலருக்குக் கிடைப்பதே இல்லை.

உடன் பயணிப்பவர் குடித்திருந்தாலும் வழக்கா என்று பலர் கேட்கிறார்கள். 2022 அக்டோபரில் சென்னைப் போக்குவரத்துக் காவல் துறை, ஓட்டுபவர் குடித்திருந்தால் உடன் வருபவர் மீதும் 188-ஆம் பிரிவின் கீழ் வழக்குப் போடுவோம் என்று அறிவித்தது. அந்தப் பிரிவு உடந்தையாக இருப்பதைத் தண்டிப்பது. பின் இருக்கையில் உட்கார்ந்திருப்பது மட்டுமே உடந்தை ஆகாது என்பது என் கருத்து. சாவியை எடுத்துக் கொடுத்து ஓட்டச் சொன்னால் அது வேறு. ஓட்டாத ஒருவரை ஊதச் சொல்ல 203 இடம் தரவே இல்லை.

கைப்பேசிக்கு வருவோம். 2021 அக்டோபரில் ஹைதராபாத் சாலைகளில் காவலர்கள் வண்டிகளை நிறுத்தி, கஞ்சா தேடும் பெயரில் இளைஞர்களின் வாட்ஸ்அப் உரையாடல்களில் சொற்களைத் தட்டித் தேடிய காட்சி பரவியபோதுதான் பலருக்கு இந்த ஆபத்து உறைத்தது. மோட்டார் வாகனச் சட்டத்தில் எந்தப் பிரிவும் இதற்கு இடம் தரவில்லை. விசாரணைக்காகச் சோதனை போட, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 185-ஆம் பிரிவு, காரணத்தை எழுத்தில் பதியச் சொல்கிறது. ஆம், இதுவும் 185 தான், குழப்பிக்கொள்ள வேண்டாம். 105-ஆம் பிரிவு, சோதனையையும் கைப்பற்றுதலையும் ஒலி ஒளிப் பதிவு செய்யச் சொல்கிறது. ஊதியதில் பூஜ்ஜியம் வந்த ஒருவரின் கைப்பேசியைத் திறக்கச் சொல்ல இவற்றில் எதிலும் வழியில்லை. “சம்மதத்தோடு கொடுத்தார்” என்று பிற்பாடு சொல்லும் வாய்ப்பைத்தான் அவர்கள் தேடுவார்கள். டிஜிலாக்கர் திரையைக் காட்டும்போது கைப்பேசியைக் கைமாற்ற வேண்டாம் என்று முன்பு சொன்னது இதற்காகவே. டிக்கியும் அப்படித்தான். போதைப்பொருள் பற்றி அலுவலருக்குக் குறிப்பிட்ட தகவலோ, நம்பத் தக்க காரணமோ இருந்தால் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு பொது இடத்தில் சோதனைக்கு அதிகாரம் தருகிறது. உடலைச் சோதிக்கும் முன்பு, அரசிதழ் பதிவு பெற்ற அலுவலர் அல்லது நடுவர் முன்னிலையில் சோதிக்கக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு என்று 50-ஆம் பிரிவுப்படி சொல்லியாக வேண்டும். வெறுமனே “டிக்கியைத் திறங்க” என்பதற்கு, “எந்தக் காரணத்துக்காக என்று சொல்லுங்கள் சார்” என்று கேட்பதில் தவறில்லை. கதவை அடைத்துக்கொண்டு மல்லுக்கு நின்றால் மட்டும் பணியைத் தடுத்தார் என்று, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 221-ஆம் பிரிவைக் காட்டுவார்கள்.

ஊதுவதைவிட எனக்கு அதிகம் உறுத்துவது படம் எடுப்பது. சனிக்கிழமை இரவு தொலைக்காட்சிக் கேமராவை அருகில் நிறுத்திக்கொண்டு, தள்ளாடும் ஒருவரின் முகத்தில் வெளிச்சம் அடித்துக் கேள்வி கேட்பது பல ஆண்டுகளாக நடக்கிறது. அவர் குற்றவாளி என்று எந்த நீதிமன்றமும் அதுவரை சொல்லவில்லை. மறுநாள் காலையில் அவருடைய மகள் படிக்கும் பள்ளி முழுக்க அந்தக் காணொளி சுற்றும். தனித்து விடப்படும் உரிமை ஒவ்வொரு குடிமகனுக்கும் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1994-இல் சொன்னது நக்கீரன் இதழின் ஆட்டோ சங்கர் தொடர் பற்றிய வழக்கில்தான். நம் ஊரிலிருந்து போன வழக்கு அது. பதிவேட்டில் உள்ளதை வெளியிடலாம் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது, ஆனால் சாலையோரத்தில் ஒருவரை வேடிக்கைப் பொருளாக்கும் காணொளி பதிவேடு ஆகாது. சட்டையில் பொருத்திய கேமராவில் காவலரே பதிவு செய்வது வேறு. அது இரு தரப்புக்கும் பாதுகாப்பு, நான் அதை வரவேற்கிறேன். இன்னொன்று, முகம் அறியும் மென்பொருளில் உங்கள் படத்தை ஏற்றிப் பார்ப்பது. 2022-ஆம் ஆண்டின் குற்றவியல் அடையாளச் சட்டம் ஒருவரைப் படம் பிடித்துப் பதிய இடம் தருவது அவர் தண்டனை பெற்றிருந்தால் அல்லது கைதாகியிருந்தால் என்பது போன்ற நிலைகளில்தான். வழியில் நிறுத்திய ஓட்டுநர் அதில் வரமாட்டார். தமிழ்நாடு காவல் துறையின் அந்த மென்பொருள் தளத்திலிருந்தே 2024 மே மாதம் தரவுகள் கசிந்ததாகச் செய்தி வந்த பிறகு, படம் வேண்டாம் என்று ஒருவர் சொல்வதை அதிகப்படியான அச்சம் என்று தள்ள முடியாது.

நீங்கள் ஒரு முறை ஊதி, பூஜ்ஜியம் வந்து, வீடு போய்ச் சேர்ந்துவிட்டால் அதற்குமேல் நீதிமன்றத்தில் கேட்க ஒன்றுமில்லை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. 203-ஆம் பிரிவை மீறி எல்லோரையும் ஊத வைப்பது சரியா என்று அரசியலமைப்பின் 226-ஆம் பிரிவின் கீழ் சென்னை உயர் நீதிமன்றத்தில் மனு போடலாம். அளவு மீறிப் பிடிபட்டவர் இந்தக் கேள்வியை எழுப்பும்போது, அவருடைய சீட்டில் உள்ள மில்லி கிராமைப் பார்த்த பிறகு நீதிபதிக்கு அவர் வாதம் காதில் ஏறுவது கடினம். மதுவைத் தொடாத, வாரம் தவறாமல் நிற்க வைக்கப்படுகிற, ஒவ்வொரு முறையும் தேதியும் இடமும் நேரமும் குறித்து வைத்திருக்கிற ஒருவர் கேட்டால் அந்தச் சிக்கல் இல்லை. அந்தக் குறிப்பை இன்றிலிருந்தே எழுதத் தொடங்குங்கள். அலுவலரின் பெயர்ப் பட்டையில் உள்ள பெயரையும், ஊதச் சொல்லும் முன் அவர் உங்களிடம் என்ன கேட்டார் என்பதையும் சேர்த்து.